ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று

சிகாகோ. பிப்ரவரி. ஏழாம் எண் ஜன்னல்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தொப்பியின் பனியை உதறிக்கொண்டு ஒருவர்
கடிதம் கேட்கிறார்.
எத்தனை வருஷமாய் டாக்ஸி ஓட்டுகிறேன் என்று
முத்திரையோடு ஒரு வரி போதும்.
வங்கிக்கு வேண்டுமாம்.

பெயர் கேட்கிறாள் டானுட்டா.
க்வாட்வோ அம்பொன்சா.
அட்டவணையில் அந்தப் பெயருக்கு ஒரே எழுத்து கிடையாது.
எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ.
லைக் போட்டு,
முன்னும் பின்னும் சதவீதக் குறி வைத்துத் துழாவுகிறாள்,
பையின் அடியில் சாவி தேடுவதுபோல்.

வந்து விழுகிறது.
நிலை: நடப்பில். ஊர்: சிகாகோ.
முதல் உரிமம் வழங்கிய நாள்:
1900 ஜனவரி 1.

திரையைத் திருப்பிக் காட்டுகிறாள்.
"அப்போது குதிரைக்கல்லவா லைசென்ஸ் கொடுத்திருப்பீர்கள்?"
அவர் சிரித்த சிரிப்பில்
ஜன்னலில் ஆவி படிகிறது.

பழைய கணினியிலிருந்து புதியதற்கு
மூட்டை கட்டிய எவரோ
தேதி கிடைக்காதவர்களுக்கெல்லாம்
இதைப் போட்டு அடைத்திருக்கிறார்.
காலியாக விட்டிருக்கலாம்.
காலி என்றால் தெரியாது என்று அர்த்தம்.
தெரியாது என்று சொல்ல
அலுவலகங்களுக்கு வாய் வராது.

"அன்றைக்கு என்ன கிழமை?"
கட்டளை எழுதிப் பார்க்கிறாள்.
திங்கள்.
மேஜையைத் தட்டுகிறார்.
கானாவில் க்வாட்வோ என்றால்
திங்கட்கிழமை பிறந்த ஆண்.

பிறந்த தேதியை
ஊரார் பார்க்கும் அட்டவணையிலிருந்து
நகராட்சி கவனமாக நீக்கியிருக்கிறது.
கிழமை மட்டும் பெயருக்குள் ஒளிந்துகொண்டு
டிக்கெட் எடுக்காமல் வந்துவிட்டது.

பர்ஸிலிருந்து பழைய அட்டை.
ஓரம் பிரிந்த பிளாஸ்டிக்குள்
கருத்த மீசையோடு ஓர் ஆள்.
1997 நவம்பர் 6. வியாழன்.

திருத்தம் சுலபம். அப்டேட். செட். தேதி.
சாப்பாட்டு நேரம் தாண்டி இருபது நிமிஷம்.
அவருக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர்.
என்டர்.

வேர் எழுத மறந்திருந்தாள்.
யாருக்கு, எவருக்கு என்று வரம்பு கட்டும்
ஆங்கிலச் சொல்தான் அது.
தமிழில் எழுதிப் பார்த்தால் மரத்தின் கால்.
அது இல்லாத கட்டளை
எதிர்ப்பட்டதையெல்லாம் சாய்த்துக்கொண்டு போகும்.

16,214 வரிசைகள் மாற்றப்பட்டன.

அந்த நாற்பது நொடிகள்
சிகாகோவின் ஓட்டுநர் அத்தனை பேரும்
ஒரே வியாழக்கிழமை உரிமம் வாங்கியவர்கள்.
விமான நிலையக் கொட்டகையில் டொமினோ ஆடுகிறவர்,
போன மாதம் தேர்வில் தேறிய லுட்மிலா,
உரிமத்தைச் சரண்டர் செய்துவிட்டு
ஃபீனிக்ஸுக்கு வெயில் காயப் போனவர்,
அந்த வியாழனன்று பிறந்தே இராதவர்கள்,
எல்லோரும் க்வாட்வோவுக்குப் பின்னால்
ஏரிக்காற்றுக்குக் காலரைத் தூக்கிவிட்டு,
ரசீதைப் பல்லில் கடித்தபடி
கையுறை மாட்டிக்கொண்டு.
வரிசை என்றால் இதுதான் வரிசை.

ஒருவருக்கும் தெரியாது.
மீட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கமிட் கொடுத்திருக்கவில்லை. பிழைத்தாள்.
ரோல்பேக்.
"ஏதாவது பிரச்சினையா?"
"இல்லை. இன்றைக்குக் கணினி கொஞ்சம் மெதுவு."
இந்த முறை வேரை முதலில் எழுதுகிறாள்,
உரிம எண்ணை இலக்கம் இலக்கமாய் வாய்விட்டுச் சொல்லி.
அவரும் கூடவே சொல்கிறார், மனப்பாடமாய்.

1 வரிசை.

கடிதத்தை மடித்து உள்பையில் வைத்தவர்
ஒரு கணம் தயங்கி,
"நூறு வருஷ அனுபவம் போச்சு" என்றார்.
அடுத்தவர் நகர்ந்து வந்தார்.

மூடும் நேரத்தில் ஓர் எண்ணிக்கை எடுக்கிறாள்.
இன்னும் எத்தனை பேர் அந்தத் திங்கட்கிழமையில்?
212.
காலையில் 213 இருந்திருக்கும்.
ஒருவரும் ஜன்னலுக்கு வந்து கேட்டதில்லை.
பெயர்களை ஓடவிடுகிறாள்.
எத்தனையோ உச்சரிக்கத் தெரியவில்லை.

தெருவில் அவளைக் கண்டு
ஒரு டாக்ஸி வேகம் குறைக்கிறது.
அவள் சம்பளத்துக்கு ரயில்தான்.
ஆனாலும் குனிந்து
கதவிலிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் போகிறாள்.