வரவு

முதல் வருசம்
செக்கானூரணித் திருப்பத்தில்
கொடி பிடித்து நின்றேன்.
வேடிக்கை பார்க்க ஏழு பேர்.
அதில் மூவர் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்றவர்கள்.
பஸ் முந்திக்கொண்டது.

வந்தது பதினொரு சைக்கிள்.
ஒன்பது, பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்தது.
கேரியர், செயின் கார்டு, முன்கூடை
எதையும் கழற்றவில்லை.
திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறதே.

பொன்னுராக்கு ஜெயித்தாள்.
பரிசு, எவர்சில்வர் குடம்.
அதே மேடையில் ஆண்களுக்குக் கவர்.
படி இறங்கும்போதே எண்ணினார்கள்.
இவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
"எண்றதுக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள்.
கேரியரில் வைத்துக் கட்டக் கயிறு கேட்டாள்.

அன்றைக்குத்தான்
ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தேன்.

மறுவருசம் கடை கடையாக ஏறினேன்.
உரக்கடைக்காரர் தூரத்தைக் கேட்கவில்லை,
உடுப்பைக் கேட்டார்.
கேட்டுவிட்டு நூற்றியொரு ரூபாய்.
பரோட்டாக் கடை சம்சுகனி
கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்
"எத்தனை பிள்ளைக சாப்பிடும்?" என்றார்.
நகைக்கடை பேனர் தந்தது;
அதில் பந்தயத்தைத் தேட வேண்டியிருந்தது.
தையல்கடை பாக்கியசீலி
நூல்கண்டுப் பெட்டியின் அடியிலிருந்து
ஐநூறு எடுத்தாள்.
"பேரு வேணாம். வீட்டுல தெரிஞ்சா பேச்சு வரும்."
பதினாலாம் நம்பர் ரசீதில்
'ஒரு நபர்' என்று எழுதினேன்.
அவள் வாங்கிக்கொள்ளவில்லை.
புத்தகத்திலேயே கிடக்கிறது.

இந்த வருசம்
கொடி தூக்கக் கை விரிக்க இடமில்லை.
நடவுக்குப் போகிற பெண்கள்
மினிலாரியை ஓரங்கட்டச் சொல்லி
மேலேயே நிற்கிறார்கள்.
ஆரன் அடித்து ஓய்ந்த டிரைவர்
தானும் இறங்கி வந்துவிட்டார்.
புளியமரத்தில் பையன்கள்.
"மஞ்ச பனியன் மேல ஐம்பது"
என்று ஒருவர் பந்தயம் கட்டுகிறார்.
அதட்டத்தான் போனேன்.
'இவளுக மேல எவன் பணம் கட்டுவான்' என்று
போன வருசம் என்னைத் திருப்பி அனுப்பியவர்.
வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குடம் இல்லை இந்த முறை.
கவர்.
ஆண்களுக்கு எவ்வளவோ அவ்வளவு.
நேற்று ராத்திரி மூன்று தடவை எண்ணி
ஒட்டிவிட்டு
மறுபடி பிரித்து எண்ணினேன்.

காலையில் பாக்கியசீலி வந்தாள்.
"இந்தத் தடவை பேரு போட்டுக்கங்க.
இனிஷியலோட."

ஒரு கையில் கொடி, மறு கையில் மைக்.
நன்கொடைப் பட்டியலை
வாசித்துக்கொண்டே வந்து
எ. பாக்கிய என்றேன்.
நாகமலைப் பக்கம் யாரோ
"வாராளுக!" என்றார்.
அவ்வளவுதான்.
ரோடு முழுக்க அந்த ஒரே சொல்.

நாற்பத்திரண்டு பேர்.
முதலில் காற்று வந்தது,
பின்னால் செயின்களின் இரைச்சல்.
திருப்பத்தில் முழங்கால் தார் உரசுமளவு சாய்ந்து
பொன்னுராக்கு ஐந்தாவதாகப் போனாள்,
யாரையும் பார்க்காமல்.

புழுதி அடங்கியபின்
பாக்கியசீலி என் தோளைத் தொட்டாள்.
"சொன்னீங்களா?"
சொன்னேன்.
"கேக்கலயே."
அதையும் காற்றாகத்தான் சொன்னாள்.
கத்தியதில்
அவள் தொண்டை கட்டியிருந்தது.