கூகைப் பொத்தைக்கு ரோப் கார்

பணகுடி தாண்டி, காற்றாலைகள் முடிகிற இடத்தில்
கூகைப் பொத்தை.
மலை என்று சொன்னால்
பின்னால் நிற்கும் மகேந்திரகிரிக்குச் சிரிப்பு வரும்.
நானூற்றுப் பன்னிரண்டு படி.
நின்று நின்று ஏறினாலும் பதினெட்டு நிமிடம்.
இதற்கு ரோப் கார் வேண்டுமாம்.
ஆகுமா ஆகாதா என்று எழுதித்தர
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

தலைவர் தங்கபாண்டி அண்ணாச்சி
செல்போனில் படம் காட்டுகிறார்:
சிவப்புப் பெட்டி, பின்னால் மேகம்.
"இது எந்த ஊரு அண்ணாச்சி?"
"எந்த ஊரா இருந்தா என்னம்மா,
இந்த மாரி நமக்கு ஒண்ணு வந்துரணும்."

எனக்கு அந்த ஊர் தெரியும்,
அது இல்லாவிட்டால் அதன் தங்கச்சி ஊர்.
வடக்கே, பனிச்சறுக்கு நடக்கும் ஒரு சின்னச் சரிவில்
இரண்டு குளிர்காலம் கம்பிக்கு மசகு போட்டவள் நான்.
சரிவைவிடப் பெட்டி பெரிசு.
நம் ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரத்துக்குள்
பக்கத்து இழுவைக் கயிற்றைப் பிடித்துப் போன பையன்கள்
மூன்று தடவை சறுக்கி வந்து
கையாட்டிவிட்டுப் போவார்கள்.
புதுப்பனி கொட்டும் நாளில்தான் கூட்டம் வரும்.
புதுப்பனி கொட்டும் நாளில்தான் காற்றும் வரும்.
பெட்டியைக் கட்டிப்போட்டுவிட்டு
டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுப்போம்.
பனி போன பிறகு ஒன்பது மாதம்
புல்லுக்கு மேலே ஒரு சிவப்புப் பெட்டி
சும்மா.

இங்கே பனி இல்லை. காற்று உண்டு.
ஆனியில் கணவாய்க்குள் நுழைந்தால்
ஆட்டை நகர்த்தும், ஆளை நகர்த்தும்,
காயப்போட்ட வேட்டியை
அடுத்த ஊர் உடைமரத்தில் மாட்டிவிட்டு
ஆவணியில்தான் ஓயும்.
அதை நம்பித்தான் இத்தனை காத்தாடி நட்டிருக்கிறது.
காத்தாடிக்கு எது வரும்படியோ
பெட்டிக்கு அது பூட்டு.

"உச்சிமாடனுக்குக் கூட்டம் எப்போ அண்ணாச்சி?"
"ஆடிக் கடைசி வெள்ளி, கொடைக்கு. பொறவு..."
யோசிக்கிறார். காதோரம் மயிர் பறக்கிறது.
"பொறவு அடுத்த ஆடிக்குத்தான்."

பரமகல்யாணி காற்றுமானியைத் தூக்கிப் பிடிக்கிறாள்.
நான்கு கிண்ணமும் ஒரே கிண்ணமாகத் தெரிகிறது.
இருபத்தேழு கோடி.
வருஷத்தில் ஓடக்கூடியது நூற்றுச்சொச்சம் நாள்,
அதில் ஆள் வருகிற நாள் என்று பார்த்தால்
விரலே போதும், கால்குலேட்டர் வேண்டாம்.

அடிவாரத்தில் செருப்புக்கு டோக்கன் போடுகிறவள் சந்தனமாரி.
இடது கால் சின்னதிலிருந்தே சூம்பல்.
பத்தொன்பது வருஷமாக அதே ஸ்டூல்.
"மேலே போயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"நான் எதுக்கு? போறவுக செருப்பெல்லாம்
எங்கிட்டல்லா கெடக்கு."
அப்புறம் அவளுடைய கேள்வி:
"அந்தப் பெட்டியில செருப்போட ஏறணுமா,
களத்திட்டு ஏறணுமா?"

என் படிவத்தில் அறுபத்துநான்கு கேள்வி.
இது இல்லை.

"செருப்போடன்னா எம் பொழப்பு போச்சு, பாத்துக்கிடுங்க.
களத்திட்டுன்னா கட்டட்டும்."
சொல்லிவிட்டு ஒரு டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மொதல்ல மணல் மூட்டைய ஏத்தி
ஓட்டிப் பாப்பியளாமே?
ஒரு மூட்டைக்குப் பதிலா
நான் உக்காந்துக்கிடட்டா?
சொணையா இருப்பேன், ஆட மாட்டேன்."

ஆகாது என்றுதான் எழுதினேன்.
மூன்று பக்கம், அட்டவணையோடு.
கைப்பிடிக் கம்பி போடுங்கள், பாதியில் ஒரு கொட்டகை,
குடிதண்ணீர், அது போதும் என்று.
எல்லாம் சரியான கணக்கு.

சோதனை ஓட்டப் பத்தியின் ஓரத்தில் மட்டும்
பென்சிலில் ஒரு எண் கிடக்கிறது.
டைப் அடிக்கும்போது பரமகல்யாணி நிறுத்தினாள்:
"நாப்பத்தி மூணு கிலோ. இது எந்தக் கணக்குல வருது?"

ஜன்னலைச் சாத்து, தாள் பறக்கிறது
என்றேன்.