எல்லி

பிரசவப் பதிவேட்டில் ஐந்து பதினேழு என்றிருக்கிறது.
ஜூன் மாதம். ஸோஹாரில்
அதற்குள் சூரியன் வந்துவிட்டதா இல்லையா
என்பதில் தொடங்கியது சண்டை.

விடிந்துவிட்டது என்றார் இவர்.
அலுமினிய ஆலையின் பேருந்துக்கு
ஐந்து மணிக்கே ரவுண்டானாவில் நிற்கிறவர்.
விடியவில்லை என்றேன் நான்.
என் இரவுப்பணி முடிவது ஏழுக்கு.
கையெழுத்திட்டு வார்டை ஒப்படைக்கும்வரை
வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும்
அது இரவு.

ஆறு வருடமாக மாலைகளில்
படிக்கட்டில் சாவி மாற்றிக்கொள்கிறோம்.
அவர் தலை அழுத்திய குழியில்தான்
பகலில் என் தலை கிடக்கும்.
எங்களிருவரையும் நன்றாகத் தெரிந்தது
அந்தத் தலையணைக்கு மட்டும்.

கணக்கு முடித்து ஊர் திரும்பிய ஒருவர்
குளிர்பெட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்ட அகராதி
பெட்டிக்குமேல் தூசி தின்றுகொண்டிருந்தது.
பேறுகால விடுப்பில் ஒரு மத்தியானம் புரட்டினேன்.
எல்லி: பகல், சூரியன், இரவு.
மூன்றும் ஒரே வரியில்
ஒரு காற்புள்ளி இடைவெளியில்
அடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தன.

அன்றிரவு இவரிடம் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்துவிட்டு,
'இரண்டு பேரும் ஜெயிச்சாச்சு' என்றார்.

பதிவு அலுவலகத்தில் ஷம்ஸா என்ற பெண்
பேனாவை நிறுத்தினாள்.
'லைலாவா?'
இல்லை, எல்லி.
'பொருள்?'
இரவு என்றேன், பாதியை மறைத்து.
'அப்போ லைலாதானே!
இந்த மாதம் மட்டும் பதினோரு லைலா எழுதியிருக்கிறேன்.
இது ஒன்றுகூட இல்லை.'
எகரம் இல்லாத எழுத்துகளில்
இல்லி என்றோ ஈலி என்றோ
வாசிக்கும்படி எழுதித் தந்தாள்.

ஆலையில் வெள்ளைக்காரிப் பெயரா என்றார்களாம்.
ஜாலி சிஸ்டர் சிரித்தாள்:
'எங்கள் மலையாளத்தில் எல்லு என்றால் எலும்பு.
ஏற்கெனவே நோஞ்சான் பிள்ளை!'
ஆய்வகத்து லவீனா, மங்களூர்க்காரி,
அவளுக்கோ அது பெயரே இல்லை, கேள்வி.
கன்னடத்தில் எல்லி என்றால் எங்கே.
துணியால் முகம் மூடி விளையாட்டுக் காட்டுவாள்:
'எல்லி எல்லி?'
எல்லி எங்கே?
என் மகள் நெஞ்சில் படபடவென்று தட்டி
'இஞ்ச' என்பாள், எங்கள் மார்த்தாண்டத்துத் தமிழில்.

பிறகு அஞ்சலாட்சி வந்தாள்,
ஸஹம் தையல்கடைக்காரரின் மனைவி,
பதினாறு மணிநேர வலி.
இடைவெளிகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு
'உங்க பிள்ளை பேரென்ன சிஸ்டர்' என்றாள்.
வலியை மறக்கட்டுமென்று சொன்னேன்.
எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
மிக்ஸியை இரவல் கொடுத்தவள்போல்
வாரக்கணக்கில் எரிச்சலாக இருந்தது.
திருப்பிக் கேட்க முடிகிற பொருளா அது?

அவளிடமிருந்து பக்கத்து முடிதிருத்தகத்துக்கு,
அங்கிருந்து லிவாவில் பேரீச்சந்தோட்டம் பார்க்கிறவருக்கு.
ஒன்றரை வருடத்தில்
எனக்குத் தெரிந்து ஏழு எல்லிகள்.
ஏழாவது ஒரு பலூச்சிக் குழந்தை.
அர்த்தம் தெரியுமா என்று அதன் தாயைக் கேட்டேன்.
தெரியாதாம். கூப்பிட நன்றாக இருந்ததாம்.
மூன்று பொருளையும் வாய்வரை கொண்டுவந்து
விழுங்கிவிட்டேன்.

இன்று தடுப்பூசிக் கூடம்.
கூண்டுக்குள்ளிருந்து குரல்: 'எல்லி!'
மூன்று தாய்மார் எழுந்தோம்.
அஞ்சலாட்சி என்னைப் பார்த்து
திருடி மாட்டியவள்போல் தலை குனிந்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தகப்பன் பெயர் பார்க்கக்
கோப்பைத் திருப்பிய புதிய நர்ஸ்
அலுப்போடு மறுபடி கேட்டாள்:
'எந்த எல்லி?'

கேட்டது கேள்வியென்றே எடுத்துக்கொண்டு
என் இடுப்பிலிருந்து நெஞ்சைத் தட்டினாள் மகள்:
'இஞ்ச!'

பாவம்,
ஊசி அவளுக்கே முதலில்.