ஏரிப் பக்கம் அரை டிகிரி

பகலில் புல் வெட்டுகிறேன்.
இரவில் அதையே முளைக்க வைக்கிறேன்.
"சம்பளம் ஒண்ணுக்குத்தானே" என்கிறாள் சகாயராணி,
தட்டில் பருப்பை ஊற்றிக்கொண்டே.

நாயுடுபுரத்து மாடியறை.
மச்சினன் விற்காமல் விட்டுப்போன கணினி.
சூடேறினால் அதன் மேல்
துவைத்த சாக்ஸ் காயும்.
திரையில் எங்கள் கோல்ஃப் மைதானம்,
மரமில்லாமல், மஞ்சில்லாமல்,
முடியெடுத்த பிள்ளைத் தலை மாதிரி.

வானத்திலிருந்து எடுத்த உயரங்களை இறக்கினேன்.
ஐந்தாம் குழி மேல் மட்டும் மேகம்.
படம் பிடித்த அன்றைக்கும்
இங்கே மேகம்தான், வேறென்ன.
அந்த இடத்தைத் தானாகவே நிரப்பி வைத்திருந்தது,
தெரியாதென்று சொல்லக் கூசுகிற
ஆபீசர் போல,
தட்டையாக.

பதினோரு வருஷம்
அந்த மேட்டில் வண்டி தள்ளிய தோளுக்குத் தெரியும்,
எங்கே அது முன்னால் ஓடும்,
எங்கே முக்கினால்தான் நகரும் என்று.
கண்ணை மூடி, தோளைக் கேட்டு,
மவுஸை நகர்த்தினேன்.

கருவி மூன்று: உயர்த்து, தாழ்த்து, மழுப்பு.
இதில் மழுப்புவதுதான் ஆபத்து.
ஒருமுறை கை தவறித் தேய்த்ததில்
ஒன்பதாம் குழியின் ஓடை
போயே போச்சு.

பெர்க்மான்ஸ் வந்தான். பை தூக்குகிறவன்.
மெம்பர் அடித்த பந்து எங்கே கிடக்குமென்று
அது விழும் முன்பே நடக்கத் தொடங்குகிறவன்.
திரைக்கு முன் குந்தி
பதினாலாம் கிரீனில் ஒன்றை உருட்டினான்.
வலப்பக்கம் போனது.
"தப்பு."
கயிறு, ரசமட்டம், நோட்டில் எழுதிய எண்
எல்லாம் காட்டினேன்.
"எல்லாம் சரி. ஆனா தப்பு.
பந்து ஏரிப் பக்கந்தான் சாயும்."

அங்கிருந்து ஏரி தெரியாது.
எத்தனை மேடு, எத்தனை வளைவு தாண்டி இருக்கிறது.

விடியலில், நிஜக் கிரீனில்,
பனியைத் துடைத்து ரசமட்டத்தை வைத்தேன்.
வலப்பக்கம்தான் சரிவு.
பெர்க்மான்ஸ் பந்தை விட்டான்.
இடப்பக்கம் போனது.
குமிழி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம்,
நடுவில் நான், ஈரச் செருப்போடு.

புல் படுத்திருக்கும் திசையோ,
இத்தனை வருஷம் நானே
ஒரே பக்கமாக ஓட்டிய ஓட்டமோ.
தெரியவில்லை.
அன்றிரவு சரியான அளவை அழித்தேன்.
ஏரிப் பக்கம் அரை டிகிரி
பொய்யாகச் சாய்த்தேன்.
பந்து சரியாகப் போனது.

மிச்சமிருந்தது காட்டுமாடு.
விலங்குப் பட்டியலில்
மான் இரண்டு வகை, வாத்து,
ஒரு முதலை.
முதலை!
பாறை ஒன்றைத் தேர்ந்து கறுப்படித்தேன்,
முட்டிக்குக் கீழே வெள்ளை.
பாறை மூச்சு விடவில்லை,
நான் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும்படி
ஒருமுறைகூட என்னை முறைக்கவில்லை.
நீக்கிவிட்டேன்.

பிறகு, "தாழ்த்து" கருவியைச் சிறிதாக்கி,
பன்னிரண்டாம் கிரீனின் குறுக்கே
குளம்புகள் வைத்தேன்.
இரண்டு அரை நிலா, நடுவில் ஒரு பிளவு.
முன்கால் ஆழம், பின்கால் கொஞ்சம் சறுக்கல்.
நாற்பத்தொன்று.
காலையில் மண் போட்டு
நான் அடைக்கிற அதே குழிகள்.

எங்கோ ஒருவன் விளையாடுவான்.
நேராகப் போன பந்து
ஒன்றுமில்லாத இடத்தில் இடறி நிற்கும்.
மைதானத்தைச் செய்தவனுக்குக்
கைவரவில்லை என்று திட்டுவான்.
திட்டட்டும்.

சேமிக்கவா என்று கேட்டது.
கரண்ட் போவதற்குள் சரி என்றேன்.
சகாயராணி எழுந்து வந்து
போர்வையோடு குனிந்து பார்த்தாள்,
தடத்தின் மேலே விரலை ஓட்டி, திரையின் ஓரம் வரைக்கும்.

"மாடு எங்க?"

"இப்பத்தான் போச்சு."