ஐம்பது மணி நேரப் பை

கொளத்தூர் மீன்கடைத் தெருவில்
எபினேசர் பைக்குள் ஆக்சிஜன் அடிக்கிறார்.
ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று,
நூறு கப்பி மீன்கள்,
கழுத்தைத் திருகி ரப்பர் பேண்டு மூன்று சுற்று.
விரலால் சுண்டினால்
பழுத்த தர்பூசணி போல 'டொக்' என்று கேட்க வேண்டும்.

"கௌஹாத்தி போவுது மேடம். அம்பது மணி நேரம்.
நீங்கதான் காத்துக்கே டாக்டர் பட்டம் வாங்கறீங்களே,
தாங்குமான்னு சொல்லுங்க."

தரமணியில் நாலு வருஷமாக என் வேலை ஒன்றுதான்:
பிளாஸ்டிக்கை வாயு எப்படிக் கடக்கிறது என்று எழுதுவது.
ஓட்டை எதுவும் கிடையாது.
முதலில் அது சுவரில் கரைய வேண்டும்,
காப்பியில் சர்க்கரை கரைவதைப் போல, ஆனால் கெட்டியில்.
அப்புறம் காத்திருக்க வேண்டும்.
மாலை ஆறரைக்கு 29சி பஸ்ஸில்
யாரோ தோளைத் திருப்பும்போது
அரை நொடி திறக்கிற இடத்தில்
ஒரு காலை நுழைப்போமே,
அப்படி, பாலிதீன் சங்கிலி நெளியும்போது
ஒரு மூலக்கூறுக்கு ஒரு அடி.
பின்னாலும் வரும். பக்கத்திலும் போகும்.
யாருக்கும் ஊர் தெரியாது.
கூட்டம் மட்டும்
காலியான பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

காலண்டரில் மே பத்தைக் கிழித்து
முதுகுப் பக்கம் எழுதினேன்.
மேலே அழுத்தம் கூடினால் நீர் கூடக் குடிக்கும்.
சூடேறினால் குடித்ததைக் கக்கும்.
அதே சூட்டில் மீன் இரண்டு மடங்கு கேட்கும்.
சென்ட்ரல் பிளாட்பாரத்தில்
பார்சல் வண்டி வெயிலில் நிற்கும் இரண்டு மணி நேரத்தை
எந்த எல்லை நிபந்தனையில் எழுதுவது?

முப்பத்தொரு மணி நேரம் என்றது விடை.
அதாவது, மால்டா பக்கம் எங்கோ
சிக்னலுக்காக ரயில் நிற்கையில்
நூறும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

எபினேசர் தாளை வாங்கிப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
"பதினோரு வருஷமா அனுப்பறேன். நூத்துக்கு நாலு, அஞ்சு போவும்.
உங்க கணக்குல மீன் சாப்ட்டுதா?"

சாப்பிட்டிருந்தது.
யாரோ ஒருவருடைய ஆய்வகத் தொட்டியில்
வேளாவேளைக்குத் தின்ற மீனின் மூச்சைத்தான்
மாறிலி என்று எடுத்துப் போட்டிருந்தேன்.

"ரெண்டு நாளா இதுங்களுக்கு ஒண்ணும் போடல."
தெர்மாகோல் பெட்டியின் மூலையில்
தினசரி சுற்றிய ஐஸ் பாட்டிலைச் செருகி
நஸீமா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
வயிறு காலியானால், குளிர்ந்தால்,
மூச்சு சுருங்குமாம்.
கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் பிசகியிருந்தது.
கசிவை நான் எப்போதும் 'இழப்பு' என்ற பத்தியில் போடுவேன்;
மருந்துக் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.
மீன் விட்ட மூச்சோ
ஆக்சிஜனைவிட நாலு மடங்கு வேகத்தில்
அதே சுவர் வழியாக வெளியே போகிறது.
நான் கனவு கண்ட கசியாத பையைச் செய்து தந்திருந்தால்
ஆக்சிஜன் மிச்சமிருக்கும்போதே
தங்கள் மூச்சிலேயே மயங்கிச் செத்திருக்கும்.

இரவு கணக்கை மறுபடி ஓட்டினேன்.
ஐம்பதாவது மணியில் சாவு: 4.7 மீன்.

புதன்கிழமை வாட்ஸ்அப்பில் படம் வந்தது.
வெள்ளைத் தட்டில் ஐந்து, வரிசையாக,
வால் மட்டும் இன்னும் ஆரஞ்சாக.
கீழே எபினேசர்: "சொன்னேன்ல."

பேராசிரியர் மகிழ்ந்தார். பிழை ஆறு சதவீதம்தான்,
கட்டுரையாக்கு என்றார்.

ஐந்தாவது மீனின் பத்தில் மூன்று பங்கு
இன்னும் என் கணினியில் இருக்கிறது,
நீரின் மேல்தோலில் வாயை வைத்து
இழுத்துக்கொண்டு.
அதை முழு எண்ணாக்க ஒரு வரிக் கட்டளை போதும்.
இன்னும் போடவில்லை.