இரண்டாம் கியர்

எங்கள் கணக்குக் கொப்பியின் முதல் பக்கம்
என் கையெழுத்து.
பெற்றோல்: ஓடிய சுற்றுக்குத் தக்கபடி.
ரயர், நுழைவுக்காசு, லொறிக்கூலி: மூன்றாய்ப் பிரி.
உடைவு:
உடையும்போது எவர் கையில் ஸ்டியரிங்கோ
அவர் தலையில்.

கடைசி வரிக்கு இரண்டுதரம் கோடிழுத்தவளும் நான்தான்.
பகலெல்லாம் கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கந்தோரில்
இடித்தது யார், இடிபட்டது யார் என்று
சீல் குத்துகிறவளுக்கு
இப்படி ஒரு வரி எழுதாமல் நித்திரை வராது.

வெள்ளை ஸ்டார்லெற். என்னைவிட இரண்டு வயது இளையது.
கதவு ஒன்று மட்டும் பச்சை;
பஞ்சிகாவத்தையில் வெள்ளைக் கதவுக்கு
ஆறாயிரம் கூடக் கேட்டார்கள்.
தெமட்டகொடையில், ருஷ்தியின் கராஜில்
வாடகை இல்லாமல் படுக்கும்.
அதையும் அவன் பங்கில் கழிக்கவேணும் என்று கபிலாஷ் சொன்னான்.
ருஷ்தி சிரித்தான். கழிக்கவில்லை.

அந்த ஞாயிறு
காலைச் சுற்றுகள் பதினெட்டும் எனக்கு.
நாலாவதிலேயே கைக்குத் தெரிந்தது:
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம்
சோற்றில் கல் கடிபட்டதுபோல ஒரு நறநறப்பு.
கிளச்சை முழுக்க மிதிக்கப் பொறுக்காத கால் என்னுடையது.
முன்னால் போன சிவப்புக் கார்
ஒவ்வொரு வளைவிலும் ஒரு முழம் கிட்ட வந்தது.
அந்த ஒரு முழத்துக்காக
மிச்சம் பதினாலும் அப்படியே இறக்கினேன்.

ஹெல்மெற்றைக் கழற்றும்போது
"கார் எப்பிடி?" என்றான் கபிலாஷ்.
"நல்லா இருக்கு."

அவனுடைய இரண்டாம் சுற்றில் உடைந்தது.
கயிறு கட்டி இழுத்து வந்தபோது
உள்ளே குனிந்தபடி
தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
வெள்ளவத்தைப் பாமசியில் அவனுக்கு இரவு வேலை.
மாசாமாசம் காசு வந்தது,
குளிசை போடும் சின்னக் கடதாசி உறையில்.
காலை, பகல், இரவு என்று அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே
பேனையால்: பத்தாயிரம்.
எண்ணினேன். வரவு வைத்தேன்.
வெறும் உறைகளை எறிய மனம் வராமல்
லாச்சிக்குள் அடுக்கினேன்.
நாலு உறை.

ஐந்தாவது வந்த இரவு,
கராஜ் தகரத்தில் பேச்சுக் கேட்காத மழை.
மூலையில் கிடந்த பழைய பெட்டியை
ருஷ்தி அன்றைக்குத்தான் பிரித்திருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
விசிறிக் காற்றில் கொப்பித் தாள் படபடத்தது;
அது பறக்காமலிருக்க
ஒரு பல்சக்கரத்தைத் தூக்கி மேலே வைத்தான்.
இரண்டாம் கியர்.
பற்கள் ஒரு பக்கமாய்
கரைந்த சவர்க்காரம் போல வழவழத்திருந்தன.
இரண்டு சுற்றில் அப்படித் தேய்க்க எவராலும் ஏலாது.

உறை இன்னும் என் கையில்.
"நாலாம் சுற்றிலேயே எனக்குத் தெரியும்" என்றேன்.
மழைக்கு மேலால் கேட்கவேண்டியிருந்ததால்
அதைக் கத்திச் சொன்னேன்.

"காசை விடு" என்றான் கபிலாஷ், வெகுநேரம் கழித்து.
"அஞ்சு மாசமா என்ரை காலிலை பிழை தேடிக்கொண்டிருக்கிறன்."

பிறகு கணக்குப் பார்த்தோம்.
பதினெட்டும் இரண்டும் இருபது;
பத்தில் ஒன்பது பங்கு என்னுடையது.
ருஷ்தி ஒத்துக்கொள்ளவில்லை:
வாங்கும்போதே அது கிழட்டுப் பெட்டி,
கிழட்டுத்தனத்துக்கு மூன்று பேரும் முதலாளி.
ஓடாமல் போன சுற்றுகளுக்கு
யார் என்ன தருவது என்று கபிலாஷ் கேட்டான்.
அதன் விலை ஒருவருக்கும் தெரியவில்லை.
அவனே அதை விட்டுவிட்டான்;
விட்டதாகச் சொன்னான்.

அவன் காசை
அவனுடைய உறைகளிலேயே போட்டு
மாசாமாசம் திருப்புகிறேன் என்றேன்.
"உறையை வச்சிரு" என்றான். "அது கடைச் சாமான்."

கோடிழுத்த வரியை வெட்டினேன்.
கீழே எழுதினேன்: சத்தம் கேட்டால் சொல்லவேணும்.
பக்கத்தில் தொகைக்கான கட்டம்.
என்ன போடுவதென்று தெரியாமல்
பேனை அதற்கு மேலே நின்றது.

ருஷ்தி எட்டிப் பார்த்தான்.
"கியர் ஓயில் நாலாயிரத்து எண்ணூறு" என்றான்.
"அதையும் எழுது. மூண்டாப் பிரி."