விசிறி இல்லாத பெட்டி

முசஃபாவில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில்,
ஒரு கன்சோல்.
ஊர் திரும்பிய பிலிப்பினோ ஒருவன்
ரைஸ் குக்கரோடு சேர்த்து
நூற்றெண்பது திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது.
போட்டவுடன் இரையும்.
மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதென்று
முதல் வாரம் நினைத்தோம்.
கன்ட்ரோலரில் இடது குச்சி தானாகவே சாயும்.
யார் பிடித்தாலும் எங்கள் முன்கள ஆட்டக்காரன்
கோலை விட்டுவிட்டு
மூலைக் கொடியைப் பார்த்தே ஓடுவான்.

சனி ராத்திரி பேச்சு வந்தது:
அடுத்தது எப்படி இருக்கும்?

மக்தூம் சொன்னான்,
டிஸ்க் போட வாயே இருக்காது.
விளையாட்டை இனி எவனும் சொந்தமாக வாங்க முடியாது.
இரண்டு வருடத்துக்குக் கொடுப்பான்,
முடிந்தால் புதுப்பிக்கணும்,
புதுப்பிக்காவிட்டால் வெளியே.
விசா மாதிரி, என்று யாரோ முடிக்குமுன்
எல்லோரும் சிரித்துவிட்டோம்.
கொஞ்சம் அதிகமாகவே.

ரெக்ஸ்லினுக்குக் கண்ணாடி மேல் நம்பிக்கை.
டிவி வேண்டாம், மேசை வேண்டாம்,
ஆளுக்கொரு கண்ணாடி, ஆளுக்கொரு மைதானம்.
ஆறு பேர் ஆறு கட்டிலில் மல்லாந்தபடி
காற்றைப் பிசைந்துகொண்டிருப்பதை
நினைத்துப் பார்த்தேன்.
"அப்போ டீ யார் போடுறது?" என்றான் அறவாழி.

அறவாழிக்கு விலைதான் கவலை.
பழசானால் இறங்கும் என்பது போய்
பழசுக்கே விலை ஏறுகிறது,
சிப்பையெல்லாம் வேறு ஏதோ வாய் தின்கிறது என்றான்.
மக்தூமுக்கு எடை.
அக்கா மகன் ஒன்று கேட்டு மூன்று வருடம்.
முப்பது கிலோவில் நாலரை இதற்கே போனால்
மற்றவர்களுக்கு எதைக் கொண்டுபோவது?
எடையே இல்லாத ஒன்று வந்துவிட்டால்
கஸ்டம்ஸில் எதைத் திறந்து காட்டச் சொல்வார்கள்
என்று அவனே கேட்டு அவனே மகிழ்ந்தான்.

பெட்டியே வராது, என்றான் ரெக்ஸ்லின் கடைசியில்.
சூடாகாது, இரையாது, விசிறி கிடையாது.
எல்லாம் மேகத்தில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு டியூட்டி பத்து மணிக்கு.

மேகத்துக்குப் போக
அல் ஐன் சாலையில் நாற்பது நிமிடம், கம்பெனி வேன்.
ஜன்னல் இல்லாத கட்டடம்.
இரண்டு கதவு, இரண்டு அட்டை, காலுக்கு நீல உறை.
வெளியே நள்ளிரவிலும் முப்பத்தாறு.
உள்ளே இருபத்து நான்கைத் தாண்டினால்
என் போன் அலறும்.
ஃபில்டரைக் கழற்றித் தட்டினால்
ஒரு கைப்பிடி பாலைவனம்.
மூன்றாம் பம்பின் பேரிங் முனகுகிறது.
எழுதி வைத்திருக்கிறேன். மூன்று முறை.

எந்த அலமாரி என்ன செய்கிறதென்று
எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
வங்கிக் கணக்காக இருக்கலாம்,
யாருடைய கல்யாணப் படமாகவோ இருக்கலாம்.
பச்சைப் புள்ளிகள் படபடக்கிற ஒன்பதாம் வரிசையை மட்டும்
ஆட்டம் என்று நானாக வைத்துக்கொண்டேன்.
எங்கோ சத்தமே இல்லாத ஒரு கூடத்தில்
கையில் எதையோ பிடித்தபடி,
ஒருவேளை எதையுமே பிடிக்காமல்,
ஒரு பையன் பந்தை உதைக்கக் காலைத் தூக்குகிறான்.
இந்தப் பம்பு நின்றால்
அந்தக் கால் தூக்கியபடியே நிற்கும்.

விசிறி கிடையாது என்றாயே ரெக்ஸ்லின்,
இருக்கிறது.
ஐந்தடி ஆறங்குலம், மஞ்சள் தொப்பி,
பணியாளர் எண் 4471.
பெட்டியைப் பாகம் பாகமாகப் பிரித்து
திருகாணிக்குக்கூட எண் போட்டு வரைவார்களே,
அந்தப் படத்தில்தான் இல்லை.

ஆறரைக்குத் திரும்பினேன்.
எல்லோரும் தூக்கம்.
கன்சோலை அணைக்க எவனுக்கும் தோன்றவில்லை.
இரைச்சல் நேற்றைவிட ஒரு சுருதி மேலே.
பின்பக்கத் துவாரத்தில் தூசியை விரலால் வழித்து
பேண்டில் துடைத்துக்கொண்டேன்.
திரையில், காலியான பயிற்சி மைதானத்தில்,
யாரும் தொடாமலே எங்கள் ஆள்
மூலைக் கொடியை முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.
குச்சியைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தேன்.
வந்தான்.
விட்டேன்.